காதலும் விசுவாசமும்: கிறிஸ்தவ நவீனங்கள் சில



சமயமும் காதலும் ஓரிடத்தே சந்திப்பது தமிழருக்குப் புதுமையன்று. இறைவனைத் தலைவனாகவும் ஆன்மாவைத் தலைவியாகவும் வைத்துப் பாடிய பக்திப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயின், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கொள்ளும் காதலையே பொருளாக எடுத்து, அதன் ஊடாகக் கடவுள் விசுவாசத்தை வளர்க்க முயலும் உரைநடை நவீனம் வேறு வகையைச் சார்ந்தது. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தகைய நவீனங்கள் இன்று ஒரு தனித்துறையாகவே வளர்ந்துள்ளன. அவற்றின் இயல்பையும், அவற்றின் பலத்தையும் பலவீனத்தையும் சிறிது ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பக்தியுடைய புரொட்டஸ்தாந்து மக்கள் ஒரு காலத்தில் நவீனத்தையே ஐயக்கண் கொண்டு நோக்கினர். கற்பனைக் கதை பொய் என்பதும், அது இளைஞரின் மனத்தைக் கெடுக்கும் என்பதும் அவர்கள் கொள்கை. எனினும் ஆங்கில நவீனத்தின் தொடக்க காலத்திலேயே, 1740ஆம் ஆண்டில், சாமுவேல் றிச்சாட்சன் 'பமேலா' என்னும் கதையை எழுதி, ஒழுக்கம் தவறாத பணிப்பெண்ணுக்குத் திருமணத்தையே பரிசாக அளித்துவிட்டார். இந்த வழியிலே பின்னர் அமெரிக்காவில் தோன்றியவர் கிறேஸ் லிவிங்ஸ்ரன் ஹில் அம்மையார். ஒரு குருவானவரின் மனைவியாகிய இவர், 1899இல் கணவரை இழந்தார். இரு பெண்பிள்ளைகளைக் காக்கும் பொருட்டு எழுத்தையே தொழிலாகக் கொண்டார். 1947இல் காலமாகும் முன்னர் நூற்றுக்கு மேற்பட்ட கதைகளை எழுதி முடித்தார். சமய நவீனம் என்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்காக மட்டும் பிறந்ததன்று. ஒரு விதவையின் அடுப்பெரிவதற்கும் அது துணையாயிற்று என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இவ்வகைக் கதைகளுக்குச் சில எழுதா விதிகள் உண்டு. கதையில் மூன்று இழைகள் ஓடுதல் வேண்டும்: தலைவனின் விசுவாசம் ஒன்று, தலைவியின் விசுவாசம் ஒன்று, இருவரின் காதல் மற்றொன்று. வேதாகமம் கூறும் முப்புரிநூலை இங்கு நினைவுகூரலாம். சரீர உறவு பற்றிய விரிந்த வருணனைக்கு இடமில்லை. தகாத சொற்களும் விலக்கப்படும். முடிவு மங்களமாக அமைதல் வேண்டும். இவற்றோடு, விசுவாசி அவிசுவாசியை மணத்தல் கூடாது என்னும் அப்போஸ்தலர் பவுலின் உபதேசமும் உண்டு. ஆகவே, காதலர் இருவரில் ஒருவர் விசுவாசமில்லாதவராயின், மணநாளுக்கு முன்னரே அவர் மனந்திரும்பியாக வேண்டும். திறமையற்ற ஆசிரியர் கையிலே இம்மனந்திரும்புதல் கலியாணப் பந்தலுக்குள் நுழைவதற்கான அனுமதிச்சீட்டாகி விடுகின்றது. இறைவனைத் தேடியா, மணமகளைத் தேடியா அவன் முழங்காலிட்டான் என்று வாசகர் ஐயுற நேர்கின்றது. இத்துறையின் உள்ளார்ந்த இடர்ப்பாடு இதுவே.

இவ்விடர்ப்பாட்டை இருவர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைப் பார்ப்போம்.

முதலாமவர் கனடாவைச் சேர்ந்த ஜனற் ஓக். இவர் 1979இல் வெளியிட்ட 'காதல் மெல்ல வரும்' என்று பொருள்படும் நவீனமே இன்றைய கிறிஸ்தவக் காதற்கதைத் துறைக்கு வழிதிறந்தது என்பர். மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்து செல்லும் வழியிலே கணவனை விபத்தில் இழக்கின்றாள் மாட்டி என்னும் கர்ப்பிணிப்பெண். அடக்கம் நடந்த அன்றே கிளாக் என்னும் விவசாயி அவளிடம் வருகின்றான். அவன் மனைவியை இழந்தவன். தாயற்ற சிறு மகள் ஒருத்தி அவனுக்கு உண்டு. குழந்தைக்குத் தாயாகவும், அவளுக்கு ஒரு கூரையாகவும் இருக்கத்தக்க ஒரு பெயரளவுத் திருமணத்தை வேண்டுகின்றான். குளிர்காலம் கழிந்தபின் அவள் ஊர் திரும்ப விரும்பினால் வழிச்செலவும் தருவதாக வாக்களிக்கின்றான். இங்கே திருமணம் முதலிலும், விசுவாசமும் காதலும் அதன் பின்னரும் வருகின்றன. மாட்டி மனந்திரும்புவதால் அடையத்தக்க இலாபம் ஒன்றும் இல்லை. திரும்பாவிடினும் உணவும் உறைவிடமும் உண்டு, ஊருக்குப் போகும் வழியும் உண்டு. எனவே, கிளாக் நாடோறும் செய்யும் வேதவாசிப்பையும் செபத்தையும் கேட்டு அவள் உள்ளம் மெல்லக் கனிவதை நாம் நம்புகின்றோம்.

இரண்டாமவர் அமெரிக்கரான பிரான்சீன் றிவேர்ஸ். சாதாரணக் காதற்கதைகளை எழுதிப் புகழ்பெற்றிருந்த இவர், 1986இல் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசத்தைத் தழுவினார். பின்னர் 1991இல், 'மீட்கும் அன்பு' என்று பொருள்படும் நவீனத்தை வெளியிட்டார். பழைய ஏற்பாட்டிலே, சோரம்போன மனைவியை மீண்டும் ஏற்ற ஓசியா தீர்க்கதரிசியின் வரலாற்றை, 1850ஆம் ஆண்டளவிலே பொன் தேடி மக்கள் திரண்ட கலிபோர்ணியாவில் வைத்துப் புனைந்தது இது. சிறுமியாயிருந்தபோதே விற்கப்பட்டு விலைமகளாக்கப்பட்ட ஏஞ்சலை மைக்கல் என்னும் விவசாயி மணக்கின்றான். அவள் மீண்டும் மீண்டும் அவனை விட்டு நீங்குகின்றாள். கதையின் உயிர்நிலை, இறுதியாக அவள் பிரிந்து சன்பிரான்சிஸ்கோ நகரிலே வாழும் ஆண்டுகளிலேதான் உள்ளது. கணவன் அருகில் இல்லாத அந்நாட்களிலேயே அவள் தன் விசுவாசத்தைத் தானே கண்டடைகின்றாள்; தன்னைப் போன்று துன்புற்ற பெண்களுக்கு ஒரு புகலிடமும் அமைக்கின்றாள். மனிதக் காதல் எவரையும் இரட்சிக்க வல்லதன்று என்பதை இத்துறையின் கதையொன்றே ஒப்புக்கொள்வது வியப்புக்குரியது. எனினும், அடியுண்டு அரைநினைவோடு கிடந்தவளிடமிருந்து மணத்துக்குப் பெற்ற சம்மதம் சம்மதமாகுமா என்னும் வினா எழாமல் இல்லை.

இவ்வினா நம்மை யாழ்ப்பாணத்துக்கே அழைத்து வருகின்றது. அமெரிக்க மிஷனரிமார் 1816 முதல் அங்கே பள்ளிகளையும் அச்சுக்கூடத்தையும் நிறுவிப் பணியாற்றினர். உடுவிலிலே பெண்களுக்கென 1824இல் விடுதிப்பள்ளி தொடங்கினர். கிறிஸ்தவப் பெண்கள் எழுத்தறிவு பெற்ற அம்மண்ணிலிருந்தே 1914இல் மங்களநாயகம் தம்பையா என்னும் பெண்மணி 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நவீனத்தைத் தந்தார். தலைப்பே சங்கீதப் புத்தகத்திலே பயிலும் சொற்றொடர். கணவன் இழைக்கும் கொடுமையைப் பொறுமையோடு தாங்கும் கண்மணியின் கதை அது. மேலே கண்ட மேனாட்டு நவீனங்கள் இரண்டும் தோன்றுதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, விசுவாசமும் இல்வாழ்வும் ஒன்றையொன்று சோதிக்கும் களத்தை ஈழத்துப் பெண்ணொருவர் கண்டுவிட்டார் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

ஆனால் பெருமையோடு நின்றுவிடுதல் தகாது. பொறுமை பெரும் புண்ணியமே. எனினும், அடிக்கும் கையை நோக்கி 'இன்னும் பொறு' என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லும் கதை, இறைவனின் பெயரால் அநீதிக்குத் துணைபோகக் கூடும். துன்பத்தைச் சகிப்பவளின் மேன்மையைப் பாடுவதும், துன்பம் செய்பவனுக்கு மன்னிப்பை எளிதாக வழங்குவதும் ஒன்றல்ல. சமய நவீனத்தைக் கையிலெடுக்கும் தாய்மாரும் சகோதரிகளும் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று. மனந்திரும்புதல் ஆணுக்கும் உரியது. அதற்குரிய பலனை அவன் நடத்தையிலே காட்டவும் வேண்டும்.

ஆகவே, நேயர்களே, இத்தகைய நூலொன்றை வாசிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இறுதியில் இத்திருமணம் நிகழாவிடினும் இவர்களின் விசுவாசம் நிலைத்திருக்குமா? இக்கதை துன்புறுவோருக்கு ஆறுதல் தருகின்றதா, அன்றித் துன்பத்தை வாய்மூடி ஏற்கும்படி மட்டும் கற்பிக்கின்றதா? இவ்விரு கேள்விகளுக்கும் நேர்மையாக விடையளிக்கும் நூல், கிறிஸ்தவருக்கு மட்டுமன்றி, எச்சமயத்தவருக்கும் வீட்டிலே வைத்து வாசிக்கத்தக்க நல்ல நூலேயாகும்.