திருடனுக்கு ஏணியா?



'போதை ஊசிக்கு அடிமையானவரை மீட்பது தண்டனையா, அரவணைப்பா?' அரவணைப்பே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணிச் சகோதரி இந்த அம்பகரத்தூர் பத்ரகாளியம்மனையே தன் கட்சிக்கு அழைத்துக்கொண்டார். "அம்பரனை அழித்த அம்மன் மாதிரி சட்டம் சூலத்தை எடுக்கணும்" என்றார். அம்மா, அம்மன் கொன்றது அசுரனை. அசுரன் கையில மாட்டிக்கிட்டவனை இல்லை! போதை விற்கிறவன் மேல் சூலம் பாயட்டும், நான் குறுக்கே வரமாட்டேன்.

வள்ளுவரையும் இழுத்தார். கள்ளுண்ணாமை, 93ஆம் அதிகாரம். அங்கேயே புத்தகத்தை மூடிட்டாங்க. இரண்டு அதிகாரம் தள்ளிப் பாருங்கள். 95: மருந்து!

"அரசாங்கமே புது ஊசி கொடுக்கிறதாமே, திருடனுக்கு ஏணியா?" என்றார். நல்ல உவமை, நானும் கைதட்டினேன். ஆனால் ஏணி கிடைக்காத திருடன் வீட்டுக்குப் போய்விடுவான். ஊசி கிடைக்காதவன் போவதில்லை. பக்கத்தில் இருப்பவன் போட்டு முடித்த ஊசியை வாங்கிக் குத்திக்கொள்கிறான். அதில் ஒட்டிய இரத்தத்தோடு எச்.ஐ.வி.யும் வருகிறது, ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி-யும் வருகிறது.

மணிப்பூரில் 1989-90இல் இதுதான் நடந்தது. ஓராண்டுக்குள், பரிசோதித்த ஊசிப் பழக்கக்காரர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு எச்.ஐ.வி. பிறகு மனைவிமாருக்கு. ஊசியையே தொடாத அந்தப் பெண்களுக்கு எந்தச் சட்டப்பிரிவில் தண்டனை? 1996இல் அந்த மாநிலம் தன் எய்ட்ஸ் கொள்கையிலேயே தீங்கு குறைப்பை ஏற்றுக்கொண்டது. பழைய ஊசியைக் கொடுத்தால் புதிய ஊசி. (பழையது தெருவில் கிடந்து நம்ம பிள்ளை காலில் குத்தாது, அது வேறு லாபம்.) வாங்க வருகிறவனிடம் 'சாப்பிட்டியாப்பா?' என்று கேட்க ஓர் ஆள். அவர் கைபிடித்து அழைத்துப்போனால் நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரை. உடம்பு முறுக்குவது அடங்கும், வேலைக்குப் போவான்.

"மணிப்பூர் எங்கே, நாம எங்கே?" என்பீர்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றிக்கொண்ட சென்னைப் பையன்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கவில்லையா? காரைக்கால் என்றாலே வெளியூர்க்காரன் பாட்டிலை நினைத்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பில் நாம் ஊசியை மறந்துவிடக் கூடாது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின்படி, நோய் பரவாமல் தடுக்க ஊசி கொடுப்பது குற்றமாகாது. ஆனால் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவில், உட்கொள்வது குற்றம். அரசின் ஒரு கை கொடுக்கிறது, மறு கை பிடிக்கிறது! மைய வாசலில் ஒரு காவலர் நின்றால் எவன் வருவான்? அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வருகிறவருக்கு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. இது எத்தனை தாய்மாருக்குத் தெரியும்?

ஆகவே, பையில் ஊசி இருப்பதை மட்டும் வைத்துப் பிடிக்காதே என்று காவல் நிலையங்களுக்கு எழுத்தில் உத்தரவு வேண்டும். மையம் மாலையிலும் திறந்திருக்க வேண்டும். கூலிக்குப் போகிறவன் பகல் பதினொரு மணிக்கு வரிசையில் நிற்பானா? பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும். நடுவர் அவர்களே, மணி அடிக்காதீங்க, முடிச்சுட்டேன்.