அம்மன் ஊரில் இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறக் கிராமங்களின் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளியூர்களிலிருந்து பூர்வீகத்தைப் பார்க்க வருகிறவர்கள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்று பேசச் சொன்னார்கள். இதில் நான் நிபுணன் அல்ல. ஒரு தவறுக்கு உடந்தையாக இருந்தவன். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

நம் குழந்தைகள் வெளிநாட்டில் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பழைய நகரங்களைச் சுற்றுகிறார்கள். பிளாரன்ஸில் உபிஸி கலைக்கூடம் திங்கட்கிழமை மூடியிருக்கும், பாரீஸில் லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் என்று ஆறு மாதம் முன்பே குறித்து வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊருக்கு வரும்போது மட்டும், "நம்ம ஊர்தானே, போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

என் தமக்கை மகனும் அப்படித்தான் வந்தான். அம்மாவுக்கு 81 வயது. பத்மநாபபுரத்தில் சிறுமியாக இருந்தபோது கும்பிட்ட சரஸ்வதி அம்மனை நவராத்திரியில் ஒரு தடவை சேவிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பையன் திட்டத்தை எழுதி எனக்கு அனுப்பினான். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "பேஷ்" என்று பதில் போட்டேன். அதுதான் நான் செய்த தவறு.

அன்று காலை பத்மநாபபுரத்திலிருந்து போன் வந்தது. "மாமா, இன்னிக்குத் திங்கட்கிழமையாம். அரண்மனை பூட்டியிருக்கு. அம்மனும் இங்கே இல்லையாமே!"

எப்படி இருப்பாள்? நவராத்திரிக்கு அம்மன் திருவனந்தபுரம் போய்விடுவாள் என்பது எல்லையில் குடியிருக்கும் நமக்குத் தெரியும். தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் சேர்ந்து புறப்படுகிறார்கள். முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோவிலில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் எல்லை தாண்டும்போது கேரளத்தார் மரியாதையோடு வரவேற்கிறார்கள். பாறசாலை வழியாக வந்து இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவிலில் தங்கல். மூன்றாம் நாள் திருவனந்தபுரம். அங்கே கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதிக்குப் பூஜையும் கச்சேரியும். விஜயதசமி கழிந்த பிறகுதான் ஊர் திரும்புவாள்.

என் தமக்கை இறங்கிய விமான நிலையத்திலிருந்து அந்த மண்டபம் கூப்பிடு தூரம். அதைத் தாண்டி 55 கிலோமீட்டர் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தாள். அன்றிரவே விமானம். மண்டபத்துக்குப் போக நேரமில்லை. அவள் கோபிக்கவில்லை. "அவ அங்கே போயிருக்கா, நான் இங்கே வந்திருக்கேன். ரெண்டு பேரும் ஊர் மாத்திண்டோம், அவ்வளவுதான்" என்று சிரித்தாளாம். அடுத்த நவராத்திரிக்கு அவள் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு எல்லைக்கோடும் ஒரு காரணம். 1795 வரை பத்மநாபபுரம்தான் திருவிதாங்கூரின் தலைநகர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. ஒரு மாநிலத்தின் பட்டியலை மட்டும் பார்த்துத் திட்டமிட்டால் பாதி ஊர்தான் கிடைக்கும்.

ஆகவே என் யோசனை, குறைந்தது இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் அதிகாலையில் நெய்யாற்றின்கரை கிருஷ்ணனைத் தரிசியுங்கள். மார்த்தாண்டவர்மா மகாராஜா (1729-1758) கட்டிய கோவில். எதிரிகளிடமிருந்து தப்ப அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பலாவின் அடிமரத்தையும் அங்கே காணலாம். பிறகு பாறசாலை மகாதேவர். கோவில்கள் நடை சாத்தும் மதிய வேளையில் சிதறால் மலையில் 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைப் பார்க்கலாம். மலைப்பாதை என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருப்பது உத்தமம். மாலையில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள். நம்மாழ்வார் பாடிய திவ்யதேசம், 22 அடி நீளச் சயனத் திருமேனி. 418 வருஷங்களுக்குப் பிறகு 2022 ஜூலை 6-இல் இங்கே கும்பாபிஷேகம் நடந்தது.

இரவு மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ தங்குங்கள். மறுநாள் காலை பத்மநாபபுரம் அரண்மனை. அந்த நாள் திங்கட்கிழமையாக இருக்கக் கூடாது! அங்கிருந்து பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூருக்கே படைத்தலைவரான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை அதற்குள் இருக்கிறது. மாலையில் சுசீந்திரம் தாணுமாலயன் சன்னிதியில் பயணத்தை முடியுங்கள்.

வாடகை வண்டியானால் இரண்டு மாநிலத்துக்கும் பெர்மிட் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்கள் வேஷ்டி, மேல்வஸ்திரம் எடுத்து வாருங்கள். சிவராத்திரியை ஒட்டி வந்தால், முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடும் பக்தர்களால் சாலைகள் நிறைந்திருக்கும். அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள்.

அம்மனின் புறப்பாட்டையே பாருங்கள். கார் இரண்டு மணி நேரத்தில் கடக்கும் வழிக்கு அவள் மூன்று நாள் எடுத்துக்கொள்கிறாள். எங்கே தங்குவது, யார் வரவேற்பது எல்லாம் முன்பே நிச்சயம். வயதானவர்களை அழைத்து வரும் நமக்கு அதைவிட நல்ல திட்டம் வேறில்லை.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம், "எதைப் பார்க்கணும்?" என்று கேளுங்கள். அந்த ஒன்றை முதல் நாளிலேயே வையுங்கள். பிறகு இங்கே இருக்கும் உறவினர் ஒருவருக்குப் போன் செய்து தேதியைச் சரிபாருங்கள். இங்கிருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. யார் திட்டம் அனுப்பினாலும் வரிவரியாகப் படித்த பிறகே "பேஷ்" சொல்ல வேண்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.