நாங்கள் எழுப்பாமல் எழும்பட்டும்

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இண்டைக்கு நான் பேச வந்தது பெரிய விசயம் ஒன்றுமில்லை. விடியப்புறம் எங்கள் வீடுகளில் கேட்கிற சத்தத்தைப் பற்றித்தான். "எழும்படா, பஸ் போகப்போகுது!" ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லுகிறோம்?

ஊரில் கோயில் மணியும் சேவலும் கிணற்றடிச் சத்தமும் எங்களை எழுப்பின. அதைவிட வெளிச்சம் எழுப்பியது. யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க, அரைமணி முன்பின்னாக, ஆறு மணிக்கு விடியும். ரொறன்ரோவில் யூன் மாதம் 5.40க்கு முன்னமே சூரியன் வந்துவிடும். டிசெம்பர் கடைசியில் 7.45 தாண்டியும் வராது. பேஸ்மன்றில் படுக்கிற பிள்ளைக்கு விடிஞ்சதே தெரியாது. அதனால் கோயில் மணியின் வேலை அம்மாவின் தலையில் விழுந்தது.

நான் பக்டரி வேலைக்கு ஐந்து மணிக்கே வெளிக்கிட வேணும். பத்தாம் வகுப்பில் படித்த மகனை அங்கிருந்து போன் அடித்து எழுப்புவேன். ஒருநாள் வேலை நெருக்கடியில் அடிக்க முடியவில்லை. அவன் சோதனையைத் தவறவிட்டான். பின்னேரம் ஏசினேன். "அம்மா, நீங்கள் எழுப்புவீங்கள் எண்டுதானே படுத்தனான்" என்றான். பிழை அவனில் மட்டும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரும் சோம்பேறிகள் அல்ல. பதின்ம வயதில் உடம்பின் மணிக்கூடு பிந்தி ஓடும். இரவில் நித்திரை வரவே நேரமாகும். ஆனால் எட்டு முதல் பத்து மணித்தியாலம் நித்திரை வேணும். இதை யோசித்துத்தான் 2009இல் இந்த நகரத்து ஈஸ்டேர்ன் கொமேர்ஸ் பாடசாலை வகுப்புகளைக் காலை 10 மணிக்குத் தொடங்கியது. 2014இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும் 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. ஆனால் எல்லாப் பாடசாலையும் மாறும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். அலாம் மணிக்கூட்டைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வைத்தோம். இரவில் போன் குசினியில். படுக்கிற நேரத்தையும் எழும்புகிற நேரத்தையும் சில நாளுக்கு ஒருக்கால் 15 நிமிடம் முன்னுக்குத் தள்ளினோம். எழும்பின உடனே லைற் எல்லாம் போட வேணும். சனி, ஞாயிறும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தக்கூடாது. உடுப்பும் புத்தகப் பையும் முதல்நாள் இரவே ஆயத்தம்.

கடைசியாக, நான் போன் அடிப்பதை நிறுத்தினேன். அதுதான் கஷ்டம். முதல் கிழமை இரண்டு நாள் பிந்திப் போனான். எனக்கு வேலையில் கை ஓடவில்லை. ஆனாலும் அடிக்கவில்லை. இரண்டு மாதத்தில் தானாகவே எழும்பத் தொடங்கினான்.

நாளைக்கு இந்தப் பிள்ளைகள் வேறு நகரத்துக்குப் படிக்கப் போவார்கள். அங்கே யார் எழுப்புவது? பிள்ளையை எழுப்புவது பாசம்தான். தானாக எழும்பப் பழக்குவதும் பாசம்தான். இந்தப் புத்தாண்டில் அதைத் தொடங்குவோம்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.