ஒழுகும் கூரைக்கும் உத்தரவு வேண்டுமாம்!
(அரியமங்கலம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சற்றுமுன் பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழுந்தது. பேச்சை நிறுத்தினோம்; முடிந்ததும் தொடங்கினோம். எவரும் ஆணையிடவில்லை. அது நம் ஊர்ப் பண்பு. ஆனால், கடல் கடந்த ஒரு நாட்டிலே, பள்ளிவாசலின் விரிசல் விழுந்த சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் சர்க்கார் வாசலில் தவம் கிடக்கவேண்டியிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

பர்மாவைச் சொல்கிறேன். நம் பாட்டன்மார் மூட்டை முடிச்சுகளோடு கப்பலேறிய அதே பர்மா! சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களைச் ‘சூலியர்’ என்றனர். ரங்கூன் நகரில் அவர்கள் பெயரால் இன்றும் பள்ளிவாசல் நிற்கிறது. 1962இல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் பறிபோயின. பெரிய நோட்டுகள் செல்லாக் காசாயின. இலட்சக்கணக்கானோர் வெறுங்கையோடு திரும்பினர்; சென்னையிலே பர்மா பஜார் முளைத்தது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும்.

திரும்பாதவர் கதி? 1982இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823க்கு முன்பே வேரூன்றிய இனத்தாரே முழுக் குடிமக்களாம்! மற்றவர் சான்று தேடி அலையவேண்டும். 2014ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு நான்கு பேர் அளவே உள்ள முஸ்லிம்களைக் கண்டு ஓர் இராணுவத்துக்கு அத்தனை அச்சம்!

மசூதியை இடித்தால் உலகம் கேட்கும். அதைவிட எளிய வழி ஒன்றுண்டு. பழுதுபார்க்க இசைவு தராமல் இருந்துவிடுவது! மனு போகும், பதில் வராது. மழை மட்டும் தவறாமல் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் எத்தனை நாள் தாங்கும்?

2025 மார்ச் 28, ரமலான் மாதத்தின் கடைசி வெள்ளி. பகல் ஒரு மணிக்குச் சற்று முன்பு, ஜும்ஆ வேளையில் பூமி பிளந்தது, அளவு 7.7. சகாயிங்கில் மியோமா பள்ளிவாசல் சரிந்தது. மாண்டலேயிலும் பல சரிந்தன. தொழச் சென்றவர் நூற்றுக்கணக்கில் மாண்டனர்.

எல்லாப் பழியையும் சர்க்கார் தலையில் சுமத்தமாட்டேன், தோழர்களே. பகோடாக்கள் இடிந்தன, மாண்டலேயில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிக்குகள்மீது மடாலயமும் இடிந்தது. நிலநடுக்கம் மதம் பார்ப்பதில்லை. ஆயினும், விரிசலை அடைக்கக் கொத்தனாரை அழைக்கும் உரிமை ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு மறுக்கப்பட்டது. அங்கேதான் என் வழக்கு!

இடிபாடுகளை அள்ளியவர்கள் மீண்டும் சுவர் எழுப்பவேண்டும். அதற்கும் மனு எழுதவேண்டும், அதே வாசலுக்கு.