எடைக்குப் போகவிருந்த இரண்டு வண்டிகள்

(வட்டாரக் கூட்டமைப்பின் கூட்டத்தில் எங்கள் குழு பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வசூல் பற்றி எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். இன்றைக்கு வேறு ஒரு விஷயம். வீட்டில் ஒருவர் இறந்துபோனால் அவர் விட்டுப்போன சாமானை எப்படி மதிப்புப் போடுவது, எப்படி விற்பது? அதுவும் முழுசாக இல்லாமல் கழற்றிப் போட்ட சாமானாக இருந்தால்? எங்கள் குழுவில் ஒரு சகோதரிக்கு இது நடந்தது. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

அவர் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். பழைய மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். கையில் நாலு காசு சேர்ந்தால் பழைய வண்டி ஒன்றை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, சரிசெய்து ஓட்டிப் பார்ப்பார். அவர் திடீரென்று காலமானபோது, மாட்டுக் கொட்டகையில் ஒரு புல்லட்டும் ஒரு ஜாவாவும் பிரித்தபடி கிடந்தன. இன்ஜின் ஒரு மூலையில், டேங்க் பரண் மேலே, நட்டு போல்ட்டெல்லாம் டப்பாக்களில்.

இரண்டு மாதம் கழித்து காயலான் கடைக்காரர் வந்தார். "அக்கா, ரெண்டும் ஓடாத வண்டி. மொத்தமா எட்டாயிரம் தர்றேன். இடமாவது காலியாகும்" என்றார். இரண்டு தவணை பாக்கி, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் வேறு. "சரிப்பா, நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தச் சகோதரி குழுக் கூட்டத்துக்கு வந்தார்.

எங்களில் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "ஆட்டை விக்கிறதுக்கு முன்னாடி பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோமே, இதை யாரு பார்த்தா?"

"எனக்கு அதைப் பத்தி என்னக்கா தெரியும்?"

எங்களுக்கும் தெரியாதுதான். ஆனால் தெரியாது என்று சொல்லி நாலு பேரைக் கேட்கலாம் அல்லவா? அதைத்தான் செய்தோம்.

முதல் வேலை, என்ன இருக்கிறது என்று பார்ப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் போய், சாக்கு விரித்து, புல்லட் சாமான் ஒரு பக்கம், ஜாவா சாமான் ஒரு பக்கம் என்று பிரித்தோம். நோட்டில் எழுதி, செல்போனில் படமும் எடுத்தோம். பிறகு நம்பர். இன்ஜினில் ஒரு எண்ணும், வண்டியின் இரும்புச் சட்டத்தில் சேசிஸ் எண்ணும் இருக்கும். அழுக்கை மண்ணெண்ணெய் தொட்ட பழைய பிரஷால் துடைத்தோம். எண்ணின் மேல் வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தால், காசை வைத்துத் தேய்ப்போமே, அதுபோல எழுத்து பதியும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. நம்பரைத் திருத்திய மாதிரி ஆகிவிடும்.

இங்கே எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பையன் வந்து, ஜாவாவின் ஹெட்லைட்டையும் மீட்டரையும் 500 ரூபாய்க்குக் கேட்டான். "பழைய லைட்டுதானே" என்று நாங்களே கொடுக்கச் சொல்லிவிட்டோம். பிறகு வந்த மெக்கானிக் தலையில் கைவைத்துக் கொண்டார். ஜாவா வண்டி மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்தது. 1996-இல் அந்தக் கம்பெனி மூடிவிட்டது. 2018-இல் ஜாவா என்ற பெயரில் புது வண்டி வந்தது. ஆனால் பழைய வண்டிக்கு அந்தக் காலத்து அசல் சாமான்தான் வேண்டும் என்று தேடுபவர்கள் உண்டு. அவர்கள் முதலில் பார்ப்பது மீட்டர், லைட், டேங்க். முழுப் பட்டியல் போடும்வரை ஒரு திருகாணியைக்கூடத் தனியாக விற்காதீர்கள்.

இரண்டாவது வேலை, யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துகொள்வது. "அண்ணன் வண்டி எனக்குத்தான் வரணும்" என்று கொழுந்தனார் நின்றார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. இவர்கள் இருக்கும்போது தம்பிக்குப் பங்கு கிடையாது. மாமியாருக்கு உண்டு. இதை அந்தச் சகோதரியே மாமியாரிடம் போய்ச் சொன்னார்: "அத்தை, உங்க பங்கும் இதிலே இருக்கு. நீங்க சொல்லாம விக்க மாட்டேன்." அந்தம்மா கொஞ்ச நேரம் டேங்க்கைத் தடவிக்கொண்டே இருந்தார். "என் பேத்தி படிப்புக்குப் போகட்டும்" என்று சொல்லிச் சம்மதக் கடிதத்தில் கைநாட்டு வைத்தார். கொழுந்தனாரும் அதற்குமேல் பேசவில்லை.

அடுத்து காகிதம். புல்லட்டின் ஆர்.சி. புத்தகம் தகரப் பெட்டியில் கிடைத்தது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வண்டியைக் கழற்றும் முன்பே அவர் அதைச் செய்து வைத்திருந்தார். நல்ல காலம். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். எங்களுக்கு 30 நாள் தாண்டிவிட்டது. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வைத்து, காலாவதியான இன்சூரன்ஸையும் கட்டி, அந்தச் சகோதரி பெயருக்கு மாற்றினோம். மூன்று தடவை அலைந்தோம். ஒருவர் போகாமல் இருவராகவே போனோம்.

ஜாவா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. தேடிப் பிடித்தோம். நல்ல மனிதர். விற்றதாக எழுதிக் கொடுத்து, வண்டி இனி ஓடாது என்று பதிவை ரத்து செய்யவும் கையெழுத்துப் போட்டார். இதைச் செய்யாமல் உடைக்கப் போட்டிருந்தால், நாளைக்கு அந்த நம்பர் வேறு வண்டியில் ஒட்டிக்கொண்டு போனால் வம்பு அவருக்கும் நமக்கும்தான்.

மூன்றாவதுதான் விலை. ஒரே சாமானுக்கு மூன்று விலை உண்டு. எடைக்கு ஒரு விலை, உதிரி சாமானாக ஒரு விலை, காகிதத்தோடு வண்டியாக ஒரு விலை. காயலான் கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் தொழிலுக்கு எடை விலைதான் தெரியும். நாங்கள் இரண்டு மெக்கானிக்குகளைத் தனித்தனியாகக் கேட்டோம். சென்னை புதுப்பேட்டையில் சாமான் வாங்கப் போகிற ஒருவரிடமும் விசாரித்தோம். "எவ்வளவு தருவீங்க?" என்று கேட்கவில்லை. "வாங்கணும்னா என்ன விலை?" என்று கேட்டோம். இரண்டுக்கும் நடுவில்தான் நம் விலை இருக்கிறது. வண்டியைப் பூட்டி ஓட வைக்க மெக்கானிக் 30,000 ரூபாய் கேட்டார். அந்தச் செலவு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பெயிண்டும் அடிக்கவில்லை. இல்லாத சாமானை இல்லை என்றே சொல்லி விற்றோம்.

புல்லட் 55,000 ரூபாய்க்குப் போனது. ஜாவா உதிரி சாமானாக 14,000. அந்த லைட்டும் மீட்டரும் இருந்திருந்தால் இன்னும் சேர்ந்திருக்கும். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் படிவம் 29, 30-இல் கையெழுத்து. வாங்கியவரின் அடையாள அட்டை நகலும், வண்டி கொடுத்த தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம். கல்லூரிக் கட்டணமும் தவணை பாக்கியும் அடைந்தன. ஸ்பானர் பெட்டியை மட்டும் மகள் விற்க விடவில்லை.

எல்லாப் பழைய வண்டிக்கும் இப்படி விலை வரும் என்று நினைக்க வேண்டாம். சிலது எடைக்குத்தான் போகும். ஆனால் அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டு போடுவது வேறு, தெரியாமல் போடுவது வேறு.

சகோதரிகளே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு கேள்வி கேளுங்கள். நம் வீட்டு வண்டி, மோட்டார், தையல் மிஷின் யார் பெயரில் இருக்கிறது, காகிதம் எங்கே இருக்கிறது என்று. அவர்கள் இருக்கும்போதே கேட்டால் ஐந்து நிமிட வேலை. எங்கள் குழுவில் இதைத் தீர்மானமாகவே எழுதி, பன்னிரண்டு பேரும் பட்டியல் கொண்டுவந்துவிட்டோம். உங்கள் குழுவிலும் செய்யுங்கள்.