முதலில் கை, பிறகு கேள்வி

வானொலி மறையுரை
பொதுக்காலம் 19-ஆம் ஞாயிறு – முதலாம் ஆண்டு
1 அரசர் 19: 9, 11-13; உரோமையர் 9: 1-5; மத்தேயு 14: 22-33



திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த நமக்கு மலை என்றால் சுடுகின்ற பாறை. சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அப்படிப்பட்ட ஊர்க்காரனான நான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனவரி மாதத்தில், காஷ்மீரின் குல்மார்க்கில் முழங்கால் அளவு பனியில் நின்றேன். என் அக்காள் மகன் இராணுவத்தில் இருக்கிறான். நம் மாவட்டத்திலும் பக்கத்து வேலூர் மாவட்டத்திலும் பிள்ளைகளை இராணுவத்துக்கு அனுப்பிய வீடுகள் எத்தனையோ! அவனைப் பார்க்கப் போன இடத்தில், "மாமா, ஒரு தடவை பனிச்சறுக்கு கத்துக்குங்க, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனான்.

குல்மார்க் ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர் மலையைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். நம் இராணுவம் 1948 முதல் அங்கே வீரர்களுக்குப் பனிமலைப் பயிற்சி தருகிறது. பனிச்சறுக்கில் இரண்டு வகை உண்டு. 'ஸ்கீ' என்பதில் காலுக்கு ஒரு பலகை, கைக்கு ஒரு கோல். 'ஸ்னோபோர்டு' என்பதில் ஒரே பலகை; இரண்டு கால்களையும் அதில் கட்டிவிடுவார்கள்; ஊன்றிக்கொள்ளக் கோலும் கிடையாது. 1965-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்ற தகப்பன், தன் பெண் பிள்ளைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ பலகைகளை ஒன்றாகப் பூட்டிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை விளையாட்டின் வழியில் வளர்ந்ததுதான் இது. 1998-இல் ஜப்பானின் நகானோவில் ஒலிம்பிக் போட்டியிலும் இடம்பெற்றது.

எனக்குக் கற்றுத்தந்தவர் இருபது வயதுக் காஷ்மீர் இளைஞர். போதித்தே பழகிய நான் அன்று அந்தத் தம்பியின் முன் மாணவன். அவர் முதலில் சொல்லித்தந்தது எப்படி ஓடுவது என்பதை அல்ல, எப்படி விழுவது என்பதை. "சார், விழும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றாதீர்கள், மணிக்கட்டு முறிந்துவிடும். விரல்களை மூடிக்கொண்டு முன்கையில் விழுங்கள்" என்றார். விழாமல் யாரும் கற்பதில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் விழுவதை அவர் குற்றமாகவே எண்ணவில்லை.

எழுந்து நின்றேன். பலகை நகர்ந்தது. பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தேன். அப்படிச் சாய்ந்தால் பலகை நம் சொல் கேட்காது. இன்னும் வேகமாக ஓடும். குனிந்து காலைப் பார்த்தேன், விழுந்தேன். ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு முறை விழுந்திருப்பேன். எட்டு வயதுப் பிள்ளைகள் என்னைக் கடந்து சறுக்கிப் போனார்கள். இடுப்பு வலியைவிட வெட்கம்தான் அதிகம் வலித்தது. 'போதும்' என்று பலகையைக் கழற்றக் குனிந்தேன்.

அவர் கையை நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. தூக்கி நிறுத்தி, பனியைத் தட்டிவிட்டு, என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். நான் நிலையாக நின்ற பிறகுதான் கேட்டார்: "சார், ஏன் காலையே பார்க்கிறீர்கள்? என்னைப் பாருங்கள்."

எனக்கு இன்றைய நற்செய்தி நினைவுக்கு வந்தது. பேதுரு காற்றைப் பார்த்தார், மூழ்கினார். அவரை நாம் 'நம்பிக்கை குன்றியவர்' என்று பேசிவிடுகிறோம். ஆனால் மற்றப் பதினொரு பேரும் படகில் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கியவர் அவர் ஒருவரே. மூழ்கிக் கதறியவரிடம் ஆண்டவர் என்ன செய்தார்? மத்தேயு வரிசையாக எழுதுகிறார்: உடனே கையை நீட்டிப் பிடித்தார், அதன் பிறகே 'ஏன் ஐயம் கொண்டாய்' என்று கேட்டார். முதலில் கை, பிறகு கேள்வி. முதல் வாசகத்தின் எலியாவுக்கும் அப்படியே. இங்கே என்ன செய்கிறாய் என்று குகையில் கேட்பதற்கு முன்பே, சாக விரும்பிப் படுத்திருந்த அவருக்கு வானதூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் கொடுத்துவிட்டார் கடவுள்.

சகோதரர்களே, நான் ஒரு தவற்றை உங்களிடம் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நெடுநாள் கோவில் பக்கமே வராத ஓர் இளைஞர், ஞாயிறு திருப்பலியில் கடைசித் தூணருகே நின்றார். முடிந்ததும் வாசலில் அவரைப் பார்த்து, நாலு பேர் கேட்க, "என்னப்பா, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?" என்றேன். அவர் சிரித்தார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் கையை நீட்டாமல் கேட்டேன். பனியில் விழுந்து கிடந்தபோதுதான் அவர் பட்ட வெட்கம் எனக்குப் புரிந்தது.

பிளஸ் டூ தேர்வில் தவறிய பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது நம் வாயிலிருந்து முதலில் வருவது எது? குடியை விட்டுவிட்டு மறுபடி விழுந்த கணவன், கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்த மருமகள், கடனில் சிக்கிய தம்பி – இவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. கேட்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் ஒரு தட்டுச் சோறு போடுவோம். கேள்வி நாளைக்கும் காத்திருக்கும். மூழ்குகிறவரால் காத்திருக்க முடியாது.

விழுந்து கிடப்பவர் நீங்களே என்றால், வெட்கப்பட்டுப் பலகையைக் கழற்றிவிடாதீர்கள். ஒப்புரவு அருள்சாதனத்தில் உங்களுக்கு முதலில் கிடைப்பது ஆண்டவரின் கை.

ஆண்டவரே, மூழ்கும் வேளையில் உம் முகத்தைப் பார்க்க எங்களுக்குக் கற்றுத்தாரும். மூழ்குகிறவர்களுக்கு உடனே நீளும் கைகளையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.