திறப்பு விழாவுக்குப் பிறகு

(பதுளையில் இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



நான் வளர்ந்த தோட்டத்தில் லயத்துக் கோடியில் ஒரு வாசிகசாலை இருந்தது. ஆளுக்கொரு நூல் கொடுத்து அலுமாரியை நிரப்பினோம். திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் குறைவில்லை. கூரைத் தகரம் ஒழுகினால் யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் அலுமாரியைத் திறந்தபோது உள்ளே கறையான் புற்றுத்தான் இருந்தது.

இன்று நான் பேச வந்தது கணினி வாசிகசாலைகளைப் பற்றி. கறையான் அங்கும் உண்டு.

1998ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கலாநிதி கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்றார். பல தேசத்துத் தமிழர்கள் சம்பளமின்றிப் பழைய இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்தார்கள். வேறு சிலர் பிழை திருத்தினார்கள். அந்நாளில் ஒரு கணினியில் அடித்த தமிழ் இன்னொன்றில் கோடும் புள்ளியுமாகத் தெரியும். ஆகவே திஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டில் நூல்களை வெளியிட்டார்கள். பின்னர் உலகம் யூனிகோடுக்கு மாறிற்று. சேர்த்து வைத்த நூல்களையும் புதிய குறியீட்டுக்கு மாற்றவேண்டி வந்தது. மாற்றாதிருந்தால், நூல் இருந்தும் வாசிக்க முடியாது போயிருக்கும். இந்த வேலைக்கு யார் மாலை போடுவார்கள்?

நம் நாட்டிலே நூலகம் என்னும் முயற்சி 2005இல் பிறந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தமை நீங்கள் அறிந்ததே. ஒரே பிரதி ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அதுதான் கதி. நூலகத்தார் பயன்படுத்தும் மீடியாவிக்கி என்னும் மென்பொருள், விக்கிப்பீடியாவுக்கும் அடிப்படையானது. அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்தது. விலை கொடுக்க வேண்டியதில்லை. அதனால் செலவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சேவையகத்துக்கு வாடகை உண்டு. முகவரியை உரிய காலத்தில் புதுப்பிக்கத் தவறினால் வாசலே அடைபட்டுப் போகும். மென்பொருளைக் காலத்துக்குக் காலம் திருத்தவேண்டும். பிரதிகளை வெவ்வேறு ஊர்களில் வைக்கவேண்டும். நூலாசிரியரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ அனுமதி பெறவேண்டும். இதைச் சிலர் அலட்சியம் செய்கிறார்கள், தவறு.

நமது மலைநாட்டு விஷயத்துக்கு வருவோம். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டினார்; அதனால் அவை பிழைத்தன. தேமோதரையிலும் ஹப்புத்தளையிலும் லுணுகலையிலும் எத்தனை திருவிழா நோட்டீசுகள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள், பாடசாலைச் சஞ்சிகைகள் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றனவோ! நமது சங்கத்தின் பழைய ஆண்டு மலர்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பெரியோர்களைக் கேட்கிறேன். வீட்டில் இருந்தால் இரவல் தாருங்கள். படம் பிடித்துப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

வாலிபர்களிடம் கேட்பது வேறு. படம் பிடிக்கப் பத்துப் பேர் வருவீர்கள், அது எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை உட்கார்ந்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்து, இன்னொரு பிரதி எடுத்துப் பண்டாரவளையில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைக்க இரண்டு பேர் வேண்டும். செயலாளர் வாசலில் கொப்பியுடன் நிற்கிறார். அந்த இரண்டு பெயரையும் முதலில் எழுதிக்கொள்ளும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.